அஸ்காவில் செய்த அப்பா

மழைக்காலத்தில் ஈரம் ஏறிய அஸ்காவுக்கு ஒரு வாசனை உண்டு. நனைந்த கோணியும் பழைய பாலும் சேர்ந்தாற்போல, மூக்கில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிற வாசனை. வெள்ளைச் சர்க்கரையை அந்தக் காலத்துச் சென்னையில் நாங்கள் ‘அஸ்கா’ என்றுதான் சொல்வோம். இன்றைக்கும் ஐப்பசி பிறந்து, சமையலறையில் சர்க்கரை ஜாடியைத் திறக்கும்போது அந்த வாசனை வந்தால் எனக்குக் காபி நினைவு வருவதில்லை, ஈரத்துணிக்கு அடியில் தலையில்லாமல் படுத்திருந்த ஒரு மனிதரின் நினைவுதான் வருகிறது. பயப்படாதீர்கள், சர்க்கரை மனிதர்தான். ஆனால் ஒன்பது வயதில் நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சிந்தாதிரிப்பேட்டையில், கூவம் காற்று திரும்பினால் ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. என் அம்மா ரோசம்மாள், கல்யாணத்துக்கு முன்னால் அடையாறில் ஒரு துரை வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக இருந்தவள். அந்த வீட்டுத் துரைசானி தன் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ரயில் மாதிரியும் கடிகாரம் மாதிரியும் கேக்கு செய்து அடுக்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தை, பிற்பாடு எங்கள் வீட்டுக்கு வருமானமாக ஆனது. கோபாலபுரத்திலும் தியாகராய நகரிலும் புதுப் பங்களா கட்டியவர்களுக்கு அப்போதுதான் பிள்ளைகளின் பிறந்தநாளை வெள்ளைக்காரர்போலக் கொண்டாடும் ஆசை முளைத்திருந்தது. அந்த ஆசைக்கு ஏற்ற ஆளாக அம்மா கிடைத்தாள். முயல், கோட்டை, பூக்கூடை, அதோடு கூடவே வாண்டுகள் ஆளுக்கு ஒன்றாகக் கையில் எடுத்துக்கொள்ளச் சின்னக் கிண்ணங்களில் வெந்த ‘கிண்ணக் கேக்கு’, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சர்க்கரைப் பூ. எந்தப் பிள்ளை எதைக் கேட்டாலும் அம்மா வாயில் முடியாது என்ற சொல்லே வராது.

கேக்கை வேகவைக்கிற அடுப்பு மட்டும் எங்கள் வீட்டில் கிடையாது. மாவைத் தகரத்தில் ஊற்றித் துணியால் மூடி, பக்கத்துத் தெருவில் காசிம் பாயின் ரொட்டிக் கிடங்குக்குத் தூக்கிக்கொண்டு போவோம். காலை ரொட்டியெல்லாம் வெளியே வந்த பிறகு அந்தச் செங்கல் அடுப்பில் மிச்சம் நிற்கிற ‘எறங்கு சூடு’தான் கேக்குக்கு வேண்டியது. அம்மாவுக்கோ பொறுமை கிடையாது, நிமிஷத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பாள். காசிம் பாய்க்குக் கோபம் வந்துவிடும். “இன்னாத்துக்குத் தங்கச்சி தொறந்து தொறந்து பாக்குறே? அது சொம்மா குந்திகினு கீது, எங்கியும் ஓடிப் போவாது!” என்று கையைப் பிடிக்காத குறையாக விரட்டுவார்.

வேகவைத்துவிட்டால் ஆயிற்றா? பங்களா வீடுகளில் கேக்குக்குப் போட்ட சட்டதிட்டங்களைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். கோபாலபுரத்தில் தனம் அத்தை என்று நான் கூப்பிட்ட தனலட்சுமி அம்மாளின் வீட்டில், அவருடைய பெரியம்மா ஒருத்தர் இருந்தார். வெள்ளைப் புடவையும் உருட்டி விழிக்கிற கண்ணுமாக, எதற்கும் ஒரு தடை சொல்லாமல் நகரமாட்டார். “பொறந்த நாளும் அதுவுமா வெளக்க வாயால ஊதி அணைக்கிறதா? நல்லா இருக்குதே கூத்து!” என்று அவர் போட்ட ஒரே சத்தத்தில் மெழுகுவத்தி போய்க் குத்துவிளக்கு வந்தது. “புள்ள பேரு மேல கத்தி படலாமா?” என்றார், அன்றிலிருந்து அம்மா பேரைக் கேக்கின் மேல் எழுதாமல், தனியாக ஒரு சர்க்கரைத் தட்டில் எழுதி, பிள்ளை அதை முதலில் முழுசாகக் கையில் எடுத்துத் தின்றுவிடும்படி ஏற்பாடு செய்தாள். முட்டை விஷயத்தில் மட்டும் பெரியம்மா கேட்கவும் இல்லை, அம்மா சொல்லவும் இல்லை.

தனம் அத்தையின் ஒரே பிள்ளை சேகர். அவனுக்கு ஐந்து வயது நிறைகிற பிறந்தநாள் தை மாதத்தில் வந்தது. அவனுடைய அப்பா ரங்கூனில் ஒரு தேக்குமரக் கம்பெனியில் வேலை பார்த்தார். பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தபோது கப்பல் ஏறியவர், அதற்கப்புறம் வரவே இல்லை. ரங்கூனில் குண்டு விழுந்துவிட்டது என்று சென்னை முழுக்க ஒரே பேச்சு. அங்கிருந்து ஜனங்கள் மூட்டையும் முடிச்சுமாகக் கப்பல் கப்பலாக வந்து துறைமுகத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இவரும் பிள்ளையின் பிறந்தநாளுக்குள் வந்துவிடுகிறேன் என்று ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். தனம் அத்தைக்குக் கால் தரையில் பாவவில்லை. “கப்பல் கேக்கு செய் ரோசம்மா. மேல ஆளுங்க நிக்கணும். அவரு வந்து எறங்குற மாதிரியே இருக்கணும்” என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஆட்களைச் செய்கிற விதத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லா வினையும் அதிலிருந்துதான் வந்தது. அஸ்காவைக் கல்லுரலில் இடித்து, மல் துணியில் சலித்து, முட்டை வெள்ளையும் எலுமிச்சைச் சாறும் துளி கோந்தும் விட்டுப் பிசைந்தால் களிமண் மாதிரி வரும். உடம்பைத் தனியாகச் செய்து ஈரத்துணிக்கு அடியில் படுக்கவைத்துவிட்டு, தலையைத் தனியாக உருட்டிக் காயவைப்பாள் அம்மா. காயும்போது தலையின் உச்சியில் ஒரு விரிசல் விடும், தலைகீழாக நின்றாலும் விடும். அதற்குத் துரைசானி சொல்லிக்கொடுத்த வைத்தியம், மேலே ஒரு தொப்பியைக் கவிழ்த்துவிடுவது. அதனால் அம்மாவின் கப்பலில் மூட்டை தூக்குகிறவர் உட்பட எல்லாரும் தொப்பி போட்ட கனவான்களாகத்தான் பயணம் செய்தார்கள். முன்னால் நின்ற ஒருவருக்கு மட்டும், தனம் அத்தை சொன்னபடி, தேயிலைத் தண்ணீர் தொட்ட ஈர்க்குச்சியால் அடர்த்தியாக ஒரு மீசை வரைந்தாள்.

பிறந்தநாள் வந்தது, கப்பல் கேக்கும் ஜட்கா வண்டியில் எங்கள் மடிமேல் ஏறி வந்தது, அப்பாதான் வரவில்லை. தெருப்பிள்ளைகள் எல்லாம் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வட்டமாக நின்றார்கள். சேகர் கையில் கத்தியைக் கொடுத்ததும் பெரியம்மா, “அடி பாவிங்களா, கப்பல வெட்டப் போறீங்களா? அவன் நடுக்கடல்ல இருக்கானோ என்னவோ!” என்று மார்பில் அடித்துக்கொண்டார்.  தனம் அத்தையின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். பிள்ளைகளோ கேக்கையே பார்த்துக்கொண்டு எச்சில் விழுங்கினார்கள்.

அம்மாதான் சமாளித்தாள். “வெட்ட வேணாம்மா. மொதல்ல எல்லாரும் பத்திரமா எறங்கிடட்டும்” என்று சொல்லி ஒரு வாழையிலையைப் பக்கத்தில் விரித்து, இதுதான் துறைமுகம் என்றாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஒவ்வொரு ஆளாகத் தூக்கி இலையில் இறக்கிவிட்டார்கள். இறங்கியவரைத் தின்றுவிடலாம் என்று அம்மா உத்தரவு கொடுத்ததும் ஒரே கும்மாளம். ஆள் இறங்கிய கப்பல் வெறும் கட்டைதான், கையால் பிட்டுக்கொள்ளலாம் என்று பெரியம்மாவும் இறங்கிவந்தார். சேகர் மீசைக்காரரை எடுத்து வைத்துக்கொண்டு, “இது யாரும்மா?” என்று கேட்டான். தனம் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்து, “உங்கப்பாடா கண்ணு, வந்துட்டாரு பாரு” என்றார். அவன் அதைத் தின்னவில்லை. நேரே போய்க் கூடத்துக் கண்ணாடி அலமாரியில், வெள்ளித் தட்டுகளுக்கு நடுவே நிற்கவைத்துவிட்டு வந்தான்.

அதற்கப்புறம் ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது, கப்பல் நின்றுவிட்டது. சித்திரையில் சென்னைக்கும் குண்டு வரப்போகிறது என்று பட்டணமே காலியாகி ஓடியபோது தனம் அத்தை வீடும் காஞ்சிபுரம் போயிற்று. சேகர் தன் அப்பாவை ஒரு தகர டப்பாவில் பஞ்சு வைத்து, மடியிலேயே எடுத்துப் போனானாம். திரும்பி வந்ததும் மறுபடியும் அலமாரி. பள்ளிக்கூடம் போகும்போது “போய்ட்டு வரேம்பா” என்பான், வந்ததும் வாத்தியார் அடித்ததையெல்லாம் அதனிடம் ஒப்பிப்பான். வீட்டில் வேறு படம் இல்லையா என்று கேட்பீர்கள். கல்யாணப் படம் ஒன்று இருந்தது; அதில் தலைப்பாகைக்கும் மாலைக்கும் நடுவே மாப்பிள்ளையின் மூக்கு மட்டும்தான் தெரிந்தது.

ஐப்பசி அடைமழையில் அலமாரிக்குள் ஈரம் புகுந்தது. ஒரு நாள் சேகர் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது, தனம் அத்தை ஆளை அனுப்பி அம்மாவைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். சர்க்கரை மனிதரின் முகம் ஒரு பக்கமாக வழிந்து, மீசை தாடைக்கு இறங்கி, கண் இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு நீர்முத்து நின்றது.  தனம் அத்தை அழவில்லை, குரலைத் தாழ்த்திப் பேசினார். “புள்ள இத பாக்கக் கூடாது ரோசம்மா. நானும் பாத்திருக்கக் கூடாது. இது கரைஞ்சா அவரும்...” என்று அதற்குமேல் சொல்லாமல் தாலியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே பெரியம்மா, இன்னும் எத்தனை நாளைக்குப் பூவும் பொட்டும் என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தது எங்கள் காதிலும் விழுந்தது.

அம்மா செய்துகொடுத்தாள். ரேஷனில் கிடைத்த அஸ்காவைத் தனம் அத்தை காபியில்கூடப் போடாமல் சேர்த்துவைத்துக் கொடுப்பார். சேகர் இல்லாத நேரம் பார்த்துப் பழையவரை எடுத்துவிட்டுப் புதியவரை நிறுத்துவோம். முதல் தடவையே, “அம்மா, அப்பா ரொம்ப வெள்ளையாயிட்டாரும்மா” என்று சேகர் கண்டுபிடித்துவிட்டான். அதிலிருந்து அம்மா பிசையும்போதே துளி தேயிலைத் தண்ணீர் விட்டு நிறத்தை மங்கலாக்கப் பழகிக்கொண்டாள். ஒவ்வொரு மழைக்கும் ஒருவர் கரைவார், இன்னொருவர் வருவார். அந்த நிஜ மனிதரை அம்மா கண்ணால் கண்டதில்லை, கரைந்தவரைப் பார்த்துத்தான் புதியவரைச் செய்தாள். எங்கள் வீட்டுச் சமையலறை மூலையில், ஈரத்துணிக்கு அடியில் சேகரின் அப்பா தலைக்காகக் காத்துக்கொண்டு படுத்திருப்பார். அந்த நாட்களில் தண்ணீர் குடிக்கக்கூட நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். அம்மாவும் செய்துமுடித்ததும் சிலுவை போட்டுக்கொண்டு, “ஆண்டவரே, இந்த மனுசன் எங்க இருந்தாலும் முழுசா கொண்டாந்து சேத்துடு” என்று வாய்க்குள் முனகுவாள். அவளுக்கும் பயம்தான் என்று தெரிந்த பிறகு என் பயம் இன்னும் கூடியது.

யுத்தம் முடிந்து கொஞ்ச நாளில் அவர் வந்துவிட்டார்! முன்கூட்டி ஒரு தகவலும் இல்லை. ஒரு காலை வேளையில் ரிக்‌ஷாவில் வந்து இறங்கி, வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டாராம். தனம் அத்தை சந்தோஷம் தாங்காமல் தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் கொடுக்கக் கிண்ணக் கேக்கு கொண்டுவரச் சொன்னார். அம்மாவும் நானும் கூடை நிறையத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கூடத்தில் நாற்காலியின் நுனியில், யார் வீட்டிலோ காத்திருக்கிறவர்போல, நரைத்த தலையும் குழிந்த கன்னமுமாக அவர் உட்கார்ந்திருந்தார். சேகர் தூணுக்குப் பின்னால் நின்றான். எவ்வளவு கூப்பிட்டும் கிட்டே போகவில்லை.

அவர் எழுந்துபோய் அலமாரியைப் பார்த்தார். “இது யாருடா?” என்று பிள்ளையிடம் பேச்சுக்கொடுத்தார். “எங்கப்பா” என்றான் சேகர், அவர் முகத்துக்கு நேராக. கையில் கூடையோடு நின்ற எனக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது. தனம் அத்தை பதறிப்போய், “அவன் அப்படிதாங்க. உங்கள இந்தக் கோலத்துல பாத்ததில்ல, அதான். உங்க தொப்பி எங்க? அத போட்டுக்கிட்டு வந்திருந்தா புள்ளைக்கு அடையாளம் தெரிஞ்சிருக்கும்” என்றார்.

“எந்தத் தொப்பி?”

“எப்பவும் போடுவீங்களே, அதுதான்.”

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். “தனம், நான் எந்தக் காலத்துல தொப்பி போட்டேன்?” என்று மெதுவாகக் கேட்டார்.

தனம் அத்தை அலமாரியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். யோசிக்கிறார், யோசிக்கிறார், அவருக்கே பிடிபடவில்லை. கல்யாணமாகிக் கூடவே குடித்தனம் செய்த மனுஷியின் கண்ணுக்குள்ளும் அந்தத் தொப்பிதான் உட்கார்ந்திருந்தது. அம்மாவுக்குப் பேயறைந்தது மாதிரி ஆகிவிட்டது. கூடையை வைத்ததும் வைக்காததுமாக என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். தெருமுனை வரை விடுவிடுவென்று நடந்தாள். அப்புறம் நடுரோட்டில் நின்று, “விரிசல் தெரியக் கூடாதுன்னுதாண்டி வெச்சேன். வேற ஒண்ணுத்துக்கும் இல்லடி, ஸ்டெல்லா” என்று அழுதாள்.

அடுத்த பிறந்தநாளுக்கு சேகர் வீடு மாதிரி கேக்கு கேட்டிருந்தான். அதை எடுத்துக்கொண்டு கோபாலபுரம் போக எங்கள் இரண்டு பேருக்கும் காலே எழவில்லை. அங்கே போய்ப் பார்த்தால், முன்கட்டில் சேகரின் அப்பா உட்கார்ந்திருக்கிறார். தலையில், துரைமார் வெயிலுக்குப் போடுகிற, காக்கித் துணி போட்ட சோலா தொப்பி. மூர் மார்க்கெட்டில் வாங்கினாராம். மீசையைக்கூட ஒழுங்காகக் கத்தரித்து அடர்த்தியாக விட்டிருந்தார். வீட்டுக்குள்ளே, நிழலில், தாம்பாளத்துக்கு எதிரில் உட்காரும்போதுகூட அந்தத் தொப்பி இறங்கவில்லை. சேகர் அவர் தோளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, “அப்பா, கேக்கு வந்துடுச்சுப்பா!” என்று கத்தினான். அந்த ‘அப்பா’வைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ, அலமாரியில் இருந்தவர் இறங்கிவந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாகவே தோன்றியது.

புறப்படும்போது அவர் அம்மாவிடம் தணிந்த குரலில், “இனிமே அத செய்யாதீங்கம்மா. ஒரு வூட்டுக்கு ஒருத்தன் போதும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த வருஷம் ஐப்பசியில் எங்களை யாரும் கூப்பிடவில்லை. அலமாரியில் இருந்தவர் கரைந்து, பலகையில் பிசுபிசுவென்று ஒரு வட்டம்தான் மிஞ்சியதாம். சேகர் அதைக் கவனிக்கவே இல்லையாம். அம்மா அதற்கப்புறமும் வெகுகாலம் கேக்கு செய்தாள், ஆனால் மேலே ஆளை நிறுத்துவதில்லை. மாப்பிள்ளை பெண் வேண்டும் என்று கேட்டு வந்தவர்களுக்கும் இரண்டு புறா செய்து கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அவர் அந்தத் தொப்பியோடேயே இருந்தார். ஒன்று நைந்தால் இன்னொன்று வாங்கினார். தெருவில் பிள்ளைகள் ‘தொப்பிக்காரர்’ என்று பேர்வைத்தார்கள், வேலைக்குச் சேர்ந்த ஆபீசில் சிரித்தார்கள், அவர் அதைக் கழற்றவில்லை. ரங்கூனில் என்ன பட்டார், அத்தனை வருஷம் எங்கே எப்படி இருந்தார் என்பதையும் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அவர் செத்தபோது சேகர் ஆபீசர் ஆகியிருந்தான். அப்பா தொப்பி இல்லாமல் போகக்கூடாது என்று அடம்பிடித்து அதையும் பாடையில் வைத்தான். தனம் அத்தை அம்மாவைக் கட்டிக்கொண்டு காதோடு சொன்னார்: “அவருக்குத் தொப்பியே பழக்கமில்ல ரோசம்மா. தல வேர்க்கும்பாரு. உனக்கும் எனக்கும்தான் தெரியும்.”

இப்போது கோபாலபுரத்து வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது, காசிம் பாயின் கிடங்கு இருந்த தெருவில் மோட்டார் உதிரிச் சாமான் விற்கிறார்கள். போன மாதம் சேகரின் பேத்தியுடைய பிறந்தநாளுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கூடத்துச் சுவரில் அவனுடைய அப்பா படம், தொப்பியும் மீசையுமாக. “தாத்தா, அவரு எப்பவும் தொப்பி போட்டுட்டுதான் இருப்பாரா?” என்று கேட்டது குழந்தை. “எப்பவும்தாண்டா கண்ணு. ரங்கூனுக்குக் கப்பல் ஏறினப்பவே தொப்பிதான்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, “இல்லக்கா?” என்று என்னைப் பார்த்தான். அவனுக்கும் எண்பது நெருங்குகிறது. “ஆமாம்பா” என்றேன். வேறு என்ன சொல்ல? தனம் அத்தை போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். தலையில் ஒன்றும் இல்லாமல் கப்பல் ஏறிய அந்த மனிதரைப் பார்த்தவர்கள் இப்போது உலகத்தில் ஒருவரும் இல்லை, நானும் பார்த்ததில்லை.